வட்டம் போட்டுக் காத்த ஏரிகள்

கண்டிப்பேட்டைத் தண்ணீரைக் குடித்தவர் ஹைதராபாத்தை விட்டுப் போகமாட்டார் என்பது அந்த ஊர்ப் பேச்சு. கண்டிப்பேட்டை என்று மக்கள் சொல்வது உஸ்மான் சாகரை. 1908-இல் மூசி ஆற்று வெள்ளம் ஊரைச் சூறையாடிய பிறகு, வெள்ளத் தடுப்புக்கும் குடிநீருக்குமாக 1920-இல் உஸ்மான் சாகரும் 1927-இல் ஹிமாயத் சாகரும் கட்டி முடிக்கப்பட்டன. இவற்றைக் காக்க அன்றைய ஆந்திர அரசு 1996 மார்ச்சில் போட்டதுதான் அரசாணை 111. ஏரி நிரம்பினால் நீர் நிற்கும் எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் மாசு உண்டாக்கும் ஆலை, பெரிய ஹோட்டல், குடியிருப்புக் காலனி எதுவும் கூடாது என்றது ஆணை. 84 கிராமங்கள் இதில் அடங்கின.

ஆணையின் பலம் அதன் எளிமை. ஒவ்வொரு மனுவாக ஆராய்ந்து அனுமதி தரும் முறையில் செல்வாக்குள்ளவர் ஜெயித்துவிடுவார். ‘இங்கே கூடாது’ என்றால் பேரத்துக்கு இடம் குறைவு. இருந்தும், ஆமணக்கு எண்ணெயிலிருந்து வேதிப்பொருள் எடுக்கும் ஆலை ஒன்றுக்கு அரசே விலக்கு கொடுத்தது. 2000 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. கெடுதல் வராது என்று நிரூபிக்க வேண்டியது ஆலைதான் என்பதையும் அந்த வழக்கு அழுத்திச் சொன்னது.

கோளாறு அந்த 10 கிலோமீட்டர் வட்டத்திலேயே இருந்தது. தண்ணீர் சரிவைப் பார்த்து ஓடும். காம்பஸ் கோட்டைப் பார்த்து அல்ல. உஸ்மான் சாகருக்கு நீர் தரும் மூசி பிறப்பது விகாராபாத் பக்கத்து அனந்தகிரி மலையில், வட்டத்துக்கு வெகுதூரம் வெளியே. அங்கே போர் போட்டு உறிஞ்சினாலும் ஓடையை மறித்தாலும் ஆணை வாய் திறக்கவில்லை. ஏரிக்கு நீர் அனுப்பாத ஊர்களும் உள்ளே மாட்டிக்கொண்டன என்பது கிராமத்தாரின் நெடுநாள் புகார்.

அவர்களுடைய கோபம் நியாயமானது. சற்றுத் தள்ளி, ஐ.டி. பகுதியான கச்சிபௌலியில் நிலம் கோடிகளுக்குப் போக, இவர்கள் நிலத்துக்கு விலை அந்த அளவுக்கு ஏறவில்லை. தண்ணீர் குடித்தது நகரம், நஷ்டம் கிராமத்துக்கு. ஈட்டுத்தொகை என்று ஒரு பைசா இல்லை. இதற்கிடையே வட்டத்துக்குள் பண்ணை வீடும் கல்யாண மண்டபமும் முளைத்தன. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் சிறு விவசாயி மட்டுமே.

2022 ஏப்ரலில் தெலங்கானா அரசு அரசாணை 69 மூலம் கட்டுப்பாடுகளை நீக்கியது. நகரத்தின் குடிநீரில் இந்த ஏரிகளின் பங்கு மிகச் சொற்பம் என்பது காரணம். கணக்கு சரிதான், முடிவு தவறு. கிருஷ்ணா, கோதாவரி நீர் நூறு கிலோமீட்டருக்கு மேல் பம்ப் செய்து, மின்சாரத்துக்குப் பணம் கொட்டி வருகிறது. கண்டிப்பேட்டைத் தண்ணீரோ மேட்டிலிருந்து தானாக இறங்கி வருவது. குடிநீர்ப் பங்கை மட்டும் பார்த்த அந்தக் கணக்கு வெள்ளத்தைக் கருதவே இல்லை. 2020 அக்டோபர் மழையில் ஹிமாயத் சாகரின் மதகுகளைத் திறக்க வேண்டி வந்தது.

வட்டத்தை எடுத்துவிட்டு நீர்ப்பிடிப்பின் உண்மையான எல்லையை வரைந்திருக்க வேண்டும். நகரம் கட்டும் தண்ணீர் வரியில் ஒரு பங்கை மேட்டு நிலத்து விவசாயிக்குக் கொடுத்திருக்க வேண்டும். அரசோ, திருத்த வேண்டிய சட்டத்தைத் தளர்த்தி ரியல் எஸ்டேட்டுக்கு வழிவிட்டது.