தெளிவத்தை ஜோசப்: பரிசும் பிரசாவுரிமையும்

மலையக நாவலை அதன் சமூக அடித்தளத்தினின்றும் பிரித்து நோக்குதல் இயலாது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. இம்மக்களிடையே தோன்றிய எழுத்தாளனுக்கு அதே அரசு அளிக்கும் பரிசின் பொருள் யாது? தெளிவத்தை ஜோசப்பின் (1934-2022) இலக்கிய வாழ்வு எழுப்பும் வினா இதுவே.

நுவரெலியா மாவட்டத்து மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கவாதி, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். அவரது எழுத்தில் இயக்கம் முன்னிற்கும். ஊவாவின் பதுளைப் பகுதியினரான ஜோசப்போ, தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே புனைபெயராக்கிக்கொண்ட படித்த நடுத்தட்டினர். அவர் படைப்புகளிற் போராட்டம் இல்லையென்று குறைகூறுவோர் இவ்வர்க்க நிலையையே சான்றாகக் காட்டுவர்.

இக்கூற்று பாதி உண்மையே. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே கணக்கப்பிள்ளை, கங்காணி எனத் தொடரும் அதிகாரச் சங்கிலியை அருகிருந்து காணும் வாய்ப்பை அந்நடுத்தட்டே அவருக்கு அளித்தது. 'மீன்கள்' சிறுகதையில் ஒற்றைக் காம்பராவின் நெருக்கடி குடும்பத்தின் மானத்தையே குலைக்கின்றது. லயம் தொழிலாளியின் வீடன்று. வேலையோடு வந்து வேலையோடு பறிபோவது. எனவே அந்நெருக்கடி தனிமனித அவலமன்று. உற்பத்தி உறவின் விளைவு. முழக்கமின்றியே இதனை உணர்த்துவது அவரது யதார்த்தத்தின் வலிமை.

'காலங்கள் சாவதில்லை' (1974) நாவலிலே தோட்டத்தைக் களமாகக் கொண்டவர், 'குடை நிழல்' (2010) நாவலிற் கொழும்புக்கு வருகின்றார். அங்கு மலையகத் தமிழன் சந்தேகத்தின் பேரிற் கைதுசெய்யப்படுகின்றான். 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்கும் பிரசாவுரிமை வழங்கியபின் வெளிவந்த நாவல் இது என்பது கருதத்தக்கது. ஏட்டில் உரிமை பெற்ற மனிதன் தெருவில் அந்நியனாகவே நிற்கின்றான்.

பாரதியை நினைவூட்டும் தலைப்புடைய 'நாமிருக்கும் நாடே' (1979) தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசையும், அவரது பணி 2013இல் தமிழகத்து விஷ்ணுபுரம் விருதையும் பெற்றன. நாட்டை நமதென்று கூறிய நூலை அரசு பாராட்டிற்று. அக்கூற்றின் உள்ளடக்கமான நிலமும் வீடும் இன்னும் கோரிக்கைகளாகவே உள்ளன. விருதுப் பட்டியலோடு நின்றுவிடும் திறனாய்வு இம்முரண்பாட்டை மறைப்பதாகும். கூட்டு எதிர்ப்பின் சித்திரம் ஜோசப்பிடம் அருகியே உள்ளது என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை. அதனை எழுதும் பொறுப்பு அவருக்குப் பின்வந்த தலைமுறையினுடையது.