தேராமை, பதற்றம், பொச்சாப்பு: எண்ணாது செய்தலைக் குறிக்கும் சொற்கள் பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலை நகருக்கு வடக்கே, கடலை அண்டி அமைந்துள்ள தொன்மையான ஊர் திரியாய். அங்குள்ள குன்றின்மீது கிரிகண்டி சைத்தியத்தின் எச்சங்கள் காணப்படுகின்றன. அக்குன்றின் பாறையிற் பொறிக்கப்பட்டுள்ள சாசனம் வடமொழியில் அமைந்தது. அதன் வரிவடிவமோ பல்லவர் காலக் கிரந்தத்தோடு தொடர்புடையது. கடல்கடந்து திரிந்த வணிகரைப் பற்றி அச்சாசனம் பேசுகின்றது. பொருள்களோடு சொற்களும் கரையேறிய ஓர் இடமாக இதனைக் கருதுதல் தகும். அவ்வாறு பல மொழியிலும் பரவிய சொல்லொன்றினை முதற்கண் எடுத்துக்கொண்டு, எண்ணாது செய்தலைக் குறிக்கும் சொற்களின் பொருள் வேறுபாட்டை ஈண்டு நோக்குவோம்.

அச்சொல் சாகசம் என்பது. வடமொழியில் அது வலிமை, துடுக்கு, ஆராயாத் துணிவு முதலிய பொருள்களைத் தரும். வடமொழி அறநூல்கள் வன்முறைக் குற்றங்களை இப்பெயரால் வகுத்துரைத்தன. சிங்களத்தில் இதன் வழிவந்த சொல் இன்றும் கொடுமையையே சுட்டுகின்றது. தமிழிலோ சாகசம் என்பது வியந்து பாராட்டத்தக்க வீரச்செயலாகிவிட்டது. அயலயலே வாழும் இரு மக்களிடையே, ஒரே வேரிற் கிளைத்த சொல் ஓரிடத்திற் பழியாகவும் பிறிதோரிடத்திற் புகழாகவும் வழங்குகின்றது. எண்ணாது செய்யப்பட்ட ஒரு செயலை நாம் எச்சொல்லாற் குறிக்கின்றோம் என்பது, அதனைச் செய்தவனை எவ்வாறு தீர்க்கின்றோம் என்பதையும் உடன் உணர்த்திவிடுகின்றது என்பதற்கு இஃதொரு சான்று.

அகராதிகள் இவ்வகைச் சொற்களுள் ஒன்றற்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்து அமைதல் பெருவழக்கு. பதற்றம் எனின் அவசரம். அவசரம் எனின் முன்பின் எண்ணாமை. இம்முறை போதாது என்பதே நமது கருத்து. எண்ணாது செய்தவனிடத்து இல்லாது போனது யாது என ஒவ்வொரு சொல்லையும் வினவுதல் வேண்டும். காலம் இல்லாது போயிற்றா, கவனம் இல்லாது போயிற்றா, ஆராய்ச்சி இல்லாது போயிற்றா, அன்றி அச்சமே இல்லாது போயிற்றா என்னும் வினாவுக்கு விடை காணுமிடத்துச் சொற்கள் தாமாகவே பிரிந்து நிற்கும்.

இப்பிரிவினைப் பேச்சு வழக்கு நன்கு அறியும். வயலும் கடலும் ஒருங்கே அமைந்த திரியாய் போன்ற ஊர்களின் வாழ்க்கையை எண்ணிப் பார்ப்போம். முதல் மழை கண்டவுடன் நிலம் பதப்படுமுன் விதைத்தவனை ஈழத்துப் பேச்சுத் தமிழ் 'அந்தரப்பட்டான்' என்று சொல்லும். அவனிடம் இல்லாதது பொறுமை. மாடு பயிரிற் புக விட்டவன் 'பராக்காய் இருந்தான்'. அவனிடம் இல்லாதது கவனம். எல்லைத் தகராற்றில் நிலத்தைச் சென்று பாராமலே தீர்ப்புக் கூறியவன் 'எழுந்தமானமாய்ப் பேசினான்'. அவனிடம் இல்லாதது ஆதாரம். வடகீழ்ப் பருவக்காற்று வீசுங்கால் தனித்துத் தோணி தள்ளியவனுடையது 'அசட்டுத் துணிவு'. அவனிடம் இல்லாதது அச்சம். இந்நால்வரையும் 'யோசியாமற் செய்தார்கள்' என ஒரே தொடரால் நாம் குறிப்பின், அந்தரப்பட்டவனுக்குக் காட்டும் இரக்கத்தை எழுந்தமானமாய்ப் பேசியவனுக்கும் வழங்கியவராவோம்.

வள்ளுவரும் இவ்வேறுபாட்டைப் பேணியவர். தெரிந்து செயல்வகை என்பது நாற்பத்தேழாம் அதிகாரம். பொச்சாவாமை என்பது ஐம்பத்துநான்காம் அதிகாரம். முன்னது செயலுக்கு முன் நிகழவேண்டிய ஆராய்ச்சியைப் பற்றியது; பின்னது மகிழ்ச்சியில் மூழ்கிக் கடமையை மறக்கும் சோர்வைப் பற்றியது. அளவிறந்த சினத்தினும் இச்சோர்வு தீதென அவர் கொள்வது கவனித்தற்குரியது. துணிவு என்னும் சொல்லையும் ஈண்டு நோக்குதல் வேண்டும. அவரிடத்து அச்சொல் எண்ணியபின் எய்தும் முடிவைக் குறிக்கும். நம் காலத்தில் எண்ணாமலும் துணியலாம் என்றாகிவிட்டது. அவ்வாறே, அக்காலத்திற் சினத்தைக் குறித்த வெகுளி இன்று சூதறியாதவனைக் குறிக்கும். சினத்தாற் பிழைசெய்தவனைச் சுட்டவேண்டிய சொல், அறியாமையாற் பிழைசெய்தவனைச் சுட்டும் சொல்லாக மாறிய இம்மாற்றம், சொற்பொருள் வரலாற்றில் வியத்தற்குரியது.

இச்சொற்களெல்லாம் ஒரு மரணத்தைச் சூழ்ந்து நிற்கும் இடம் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை. கோவலன் இறப்புக்கு மூவர் காரணராயினர். பொற்கொல்லன் எண்ணாது செய்தவனல்லன். தன் களவை மறைத்தற்கு நன்கு எண்ணியே செய்தவன். வெட்டியவனோ கள்ளுண்டு களித்த, கல்வியறிவில்லாக் காவலன். பிறர் தயங்கி நிற்க, அவன் கைவாள் முந்திற்று. இவ்விருவருக்கும் இடையில் அரசன் நிற்கின்றான். அவன் கள்ளுண்டவனல்லன், வஞ்சகனுமல்லன். ஊடிய தேவியைத் தணிவிக்கச் செல்லும் வழியில், கேட்ட சொல்லை ஆராயாது ஆணையிட்டான். அவனை விளித்துக் கண்ணகி தேர்ந்தெடுத்த அடைமொழி 'தேரா' என்பது. கொடியவன் என்றோ மூடன் என்றோ அவள் தொடங்கவில்லை. தேர்தல் அரசனின் தொழில். அத்தொழிலை அவன் செய்திலன் என்பதே அவள் வழக்கு. ஒரு சொல்லிற் குற்றப்பத்திரிகை முழுவதும் அடங்கிவிடுகின்றது.

அரசனின் மறுமொழியும் இதற்கு இயைவதே. விரைவினாற் பிழைத்தேன் என்று அவன் தப்ப முயலவில்லை. கள்வன் என்னும் பெயரைத் தானே ஏற்று உயிர் நீத்தான். பதற்றம் என்னும் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள இடமிருந்தும் தேராமையை ஒப்புக்கொண்டமையாலேயே அவன் காப்பியத்தில் இழிந்தவனாகாது நிற்கின்றான் என நாம் கருதுகின்றோம். கிழக்கிலங்கைக் கண்ணகையம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது ஓதப்பெறும் கண்ணகி வழக்குரையும் இவ்வழக்கினைத் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது. தேராது செய்த தீர்ப்பொன்றினை ஆண்டுதோறும் மீள விசாரிக்கும் மரபு நம்மிடை வாழ்ந்துவருகின்றது.

இதனோடு ஒப்பிடத்தக்கது தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திர உரைநடையில் ஐந்தாம் தந்திரம். அசம்பிரேட்சிய காரித்துவம் என்னும் அதன் பெயரே ஆராயாது செய்தல் எனப் பொருள்படும். குழந்தையைப் பாம்பினின்று காத்த கீரியை, அதன் வாயிற் குருதி கண்டு கொன்ற கதையை அறியாதார் இலர். எனினும் கீரியைக் கொன்ற தாயும் கோவலனைக் கொல்வித்த மன்னனும் ஒருவகையினரல்லர். தாயைச் செலுத்தியது அச்சத்தாற் பிறந்த பதற்றம். தொட்டிலை எட்டிப்பார்க்கும் அளவுகூட நெஞ்சம் அவளுக்கு இடந்தரவில்லை. மன்னனுக்கோ காலமும் இருந்தது, கேட்டறிய அவையும் இருந்தது. 'பதறாத காரியம் சிதறாது' என்னும் பழமொழி தாய்க்குப் பொருந்தும், மன்னனுக்குப் போதாது.

இவ்வாராய்ச்சி நூல்களோடு அமைவதன்று. 1985ஆம் ஆண்டில் திரியாய் எரியுண்டது; அவ்வூர் மக்கள் வீடிழந்து வெளியேறிப் பல ஆண்டுகள் பிறவிடங்களில் வாழ நேர்ந்தது. 1983ஆம் ஆண்டு ஜூலை நிகழ்ச்சிகளும் அதற்கு ஈராண்டுகள் முற்பட்டவை. இத்தகைய நிகழ்ச்சிகளை எழுதுவோர் 'ஆத்திரத்தில்', 'உணர்ச்சி வேகத்தில்', 'வெறியில்' என்னும் சொற்களை எளிதாகக் கையாள்வதை நாம் காண்கின்றோம். இவை யாவும் களித்த காவலனுக்கு உரிய சொற்கள். இவற்றை எழுதிய அளவிலேயே, பின்னணியிற் பொற்கொல்லன் ஒருவன் இருந்தானா, தேரவேண்டியவர் தேர்ந்தனரா என்னும் வினாக்கள் எழுப்பப்படாமலே அடங்கிவிடுகின்றன. வினவாது இச்சொற்களை வழங்கும் எழுத்தாளர், தாம் எழுதும் பொருளையே தாமும் செய்தவராகின்றனர். அவர் செயலுக்கு எழுந்தமானம் என்பதே பெயர்.

ஆகவே, எண்ணாது செய்தலைக் குறிக்கும் சொற்களை ஒரே பொருட் பன்மொழியெனத் தொகுத்து அமைதல் சொல்லாராய்ச்சிக்கும் நீதிக்கும் குறைவாகும். பதறியவனுக்கு இரக்கமும், பராக்காய் இருந்தவனுக்குக் கண்டிப்பும், தேராதவனுக்கு வழக்கும் உரியன. வேறுபாடு காட்டும் சொற்கள் நம் நூல்களில் உள்ளன. திரியாய்க்கரை போன்ற ஊர்களின் வழக்கிலும் உள்ளன. அகராதி செய்வோரும் செய்தி எழுதுவோரும் அவற்றை உரிய இடத்தில் ஆளுதல் வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.