சங்கம் கூடும் பெண்கள்: ‘தாசிகள் மோசவலை’ - ஒரு மறுவாசிப்பு

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவல், பெரும்பாலும் தேவதாசி ஒழிப்பு இயக்கத்தின் ஆவணமாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வாசிப்பு தவறன்று, ஆயினும் முழுமையானதன்று. பெண்கள் ஒருவரையொருவர் கண்டடைந்து சங்கமாகத் திரளும் கதையாக இந்நாவலை அணுகி, அதன் வலிமையையும் குறையையும் இக்கட்டுரையில் காண முற்படுகின்றோம்.

அம்மையார் (1883–1962) தாம் எழுதிய உலகத்தை வெளியிலிருந்து பார்த்தவர் அல்லர். சிறுவயதிலேயே தாசியொருவரிடம் ஒப்படைக்கப்பட்டு வளர்ந்தவர். காங்கிரசில் பணியாற்றிய பின் சுயமரியாதை இயக்கத்தில் இணைந்தார். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையுடன் திருச்சியிலிருந்து சென்னை நோக்கி நடந்தார்; சிறையும் சென்றார். எனவே மேடையும் தீர்மானமும் மாநாடும் அவருக்குக் கற்பனைப் பொருள்கள் அல்ல, அன்றாட வேலைகள்.

நாவலின் சிறப்பு இங்குதான் தொடங்குகிறது. அக்காலச் சீர்திருத்தக் கதைகள் பலவற்றில் துன்புறும் பெண்ணை மீட்க ஓர் ஆடவன் வருவான். இங்கோ, அம்முறையிலிருந்து வெளியேறிய பெண்களே ஏனையோரை வெளியேற்ற முனைகின்றனர். ஒருத்தியின் விடுதலை அவளது தனி அதிர்ஷ்டமாக முடிவதில்லை. மற்றவர்பால் கடமையாக மாறுகிறது. நீண்ட சொற்பொழிவுகள் கதையோட்டத்தைத் தடுக்கின்றன என்னும் குறையை நாம் மறுக்கவில்லை. எனினும், பொதுவெளியில் பேச உரிமை மறுக்கப்பட்ட பெண்கள் நாவலுக்குள் விரிவாகப் பேசுவதே ஒரு செயலாகிறது என்பதையும் நோக்க வேண்டும்.

ஆனால் தலைப்பே ஒரு சிக்கலைக் காட்டிவிடுகிறது. வலை தாசிகளுடையது; மதி மைனருடையது. காந்தா, கானவதி என்னும் சகோதரியர் வஞ்சகத்தின் உருவங்களாகவே பெரிதும் வருகின்றனர். அவ்வலையைப் பின்னிய சொத்து முறையும் சமய வழக்கும் விவாதங்களில் கண்டிக்கப்பட்டாலும், கதையில் பழி சுமப்பவர்கள் இப்பெண்களே. முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் ஒழிப்பு முயற்சியை முன்னெடுத்தபோது, பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசியர் தம் கலையும் உடைமையும் பறிபோகும் என எதிர்த்து முறையிட்டனர். அவர்களும் ஒன்றுகூடிய பெண்களே. அம்முறையீட்டை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குச் செவிகொடுக்காத முற்போக்கு, தான் மீட்க விழைந்தவர்களையே எதிரிகளாக்கும். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் நிறைவேறியது. மேடைக் கலை பிற சமூகத்தாரின் கைக்குப் பெரிதும் மாறியதை அதன்பின் வரலாறு கண்டது.

இயக்கத்துக்குள்ளும் இச்சிக்கல் இருந்தது. 1938 நவம்பர் 13இல் சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் கூடிய பெண்கள் மாநாடே ஈ.வெ.ரா.வைப் ‘பெரியார்’ என அழைக்கத் தீர்மானித்தது. பட்டம் அளிக்கும் தகுதி பெண்களுக்கு இருந்தது. கட்சியை நடத்தும் இடம் அந்த அளவுக்கு வாய்க்கவில்லை. 1949இல் பெரியாரின் திருமணத்தை ஏற்காமல் அம்மையார் அண்ணாவுடன் வெளியேறியதை, தொண்டர் ஒருவரின் மனவருத்தமாக மட்டும் சுருக்கிவிட இயலாது. தலைவரையும் தம் கொள்கை அளவுகோலால் அளந்த பெண்ணின் செயல் அது.

பினாங்கிலிருந்து இந்நாவலை வாசிக்கும் நமக்கு இவை அயல்நாட்டுச் செய்திகள் அல்ல. 1929 டிசம்பரில் பெரியாரும் நாகம்மையாரும் வந்திறங்கிய தீவு இது. 1943இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டப் பெண்களும் சேர்ந்தனர். அப்படையில் இருந்த ராசம்மா பூபாலன் 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கிச் சம ஊதியத்திற்குப் போராடினார். பாயான் பாருவை அடுத்த பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் 1972இல் தொடங்கியபோது, மின்னணு ஆலைகளின் வரிசைகளில் பெருமளவில் அமர்ந்தவர்கள் இளம்பெண்களே. அத்துறையில் தேசியத் தொழிற்சங்கம் நெடுங்காலம் மறுக்கப்பட்டது; 1988இல் அரசு இசைந்தது உள்நிறுவனச் சங்கங்களுக்கு மட்டுமே. ஒரே கூரையின்கீழ் ஆயிரம் பெண்களைச் சேர்த்துவிட்டு, அவர்கள் சங்கமாகச் சேர்வதை மட்டும் தடுத்த முரண் அது. இப்பெண்களை நம் இலக்கியத்தில் தேடும்போது, துன்புற்றவள் எளிதில் நம் கண்ணில் படுகிறாள். சந்தா வசூலித்தவளை, கூட்டம் கூட்டியவளை நாம் தேடுவதே அரிது. இது படைப்பாளரின் குறை மட்டுமன்று. திறனாய்வாளராகிய நமது குறையுமாகும்.

தமிழக அரசு 1989இல் அம்மையாரின் பெயரைத் திருமண உதவித் திட்டத்திற்குச் சூட்டியது. 2022இல் அத்திட்டம் மாணவியரின் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டது. திருமணத்திலிருந்து கல்விக்கு நகர்ந்தது வரவேற்கத்தக்கதே. எனினும் அவர் எழுதியது, உதவி பெறும் பெண்ணைப் பற்றியதைவிட, கூடிப் பேசித் தீர்மானிக்கும் பெண்களைப் பற்றியதே எனலாம். அம்மூன்றாவது பெயர்ச்சி இன்னும் நிகழவில்லை.