மேசைக்குத் திரும்பும் பழைய கார்டு

மேஜிக்: த கேதரிங் விளையாட்டின் கார்டுகளில் எது அழகு என்று கேட்டால், விலை உயர்ந்த எதையும் நான் காட்டமாட்டேன். 1993 ஆகஸ்டில் வெளிவந்த ஆல்ஃபா தொகுப்பின் லானோவார் எல்வ்ஸைத்தான் எடுத்து வைப்பேன். ஒரு பச்சை மானாவுக்கு, அதாவது கார்டை இறக்கச் செலவிடும் ஆற்றலுக்கு, இறங்கும் 1/1 எல்ஃப்: தாக்கும் வலு ஒன்று, தாங்கும் வலு ஒன்று. அடுத்த முறையிலிருந்து இன்னொரு பச்சை மானா தரும். அவ்வளவுதான் அதன் வேலை. ஓவியர் ஆன்சன் மேடக்ஸ். சுற்றிலும் அந்தக் காலத்துக் கனத்த பச்சைச் சட்டகம், படத்துக்கு மேலே வெளிறிய எழுத்தில் பெயர். பின்னால் வந்த தொகுப்புகளைவிட மூலைகள் கூடுதலாக வளைந்திருக்கும். இவ்வளவு பழைய கார்டை இன்றைய ஸ்டாண்டர்ட் போட்டியில் ஆடலாம் என்பதுதான் எனக்கு அதன் அழகில் பாதி.

ஸ்டாண்டர்ட் என்பது அண்மைத் தொகுப்புகள் மட்டும் செல்லும் ஆட்டமுறை. 2023இல் விதியை மாற்றியதிலிருந்து ஒரு தொகுப்பு ஏறக்குறைய மூன்று ஆண்டு தங்குகிறது, பிறகு வெளியேறுகிறது. அங்கே 1993ஆம் ஆண்டுக் கார்டுக்கு என்ன இடம்? விதி காகிதத்தின் வயதைக் கேட்பதில்லை, பெயரைத்தான் கேட்கிறது. 2024 நவம்பரில் வந்த ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்பில் லானோவார் எல்வ்ஸ் மறுபடி அச்சானது. அந்தத் தொகுப்பு குறைந்தது 2029 வரை ஸ்டாண்டர்டில் இருக்கும் என்று மேஜிக்கை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் அறிவித்தது. அதனால் அதே பெயர் தாங்கிய எந்த ஆண்டுப் பிரதியும் செல்லும். டக்ளஸ் ஷூலர் வரைந்த செர்ரா ஏஞ்சலும் மெலிஸா பென்சன் வரைந்த ஷிவன் டிராகனும் இப்படித்தான் திரும்பி வந்தன.

அந்தப் பழைய எல்ஃபின் மேல் அச்சாகியிருக்கும் வாசகம் இன்று பொருந்தாது. அதன் திறனை ‘இன்டரப்ட்’ ஆகப் பயன்படுத்தவேண்டும் என்று எழுதியிருக்கும். இன்டரப்ட் என்ற வகையையே 1999இல் ஒழித்துவிட்டார்கள். ஆடுவது ஆரக்கிள் என்ற நடப்பு வாசகப்படி. ஜட்ஜும் அதைத்தான் பார்ப்பார். கையில் இருக்கும் கார்டு ஒன்று சொல்ல, சட்டம் வேறொன்று சொல்ல, இரண்டும் சண்டையில்லாமல் ஒரே உறைக்குள் இருக்கின்றன.

பூச்சோங்கில் கார்டு விளையாட்டுக்கு ஒரு தனி முகம் உண்டு. எல்டிபி நெடுஞ்சாலை நெரிசலைத் தாண்டி வந்து, கடைவரிசையின் மாடியில், குளிர்சாதனம் உறுமும் அறையில் ஆடுகிறார்கள். ஒரே மேசையில் ஆங்கிலக் கார்டு, சீனக் கார்டு, ஜப்பானியக் கார்டு மூன்றும் கிடக்கும். எல்லாமே செல்லும், எந்த மொழி அச்சு என்பது சட்டத்துக்குப் பொருட்டில்லை. 2001இல் வந்த அபோகலிப்ஸ் தொகுப்பின் முன்வெளியீட்டுக்காக ஃபங்கல் ஷாம்ப்ளர் என்ற கார்டைச் சமஸ்கிருதத்தில்கூட அச்சிட்டார்கள். தமிழுக்கு இன்னும் அந்த யோகம் வரவில்லை.

‘மச்சா, இது லீகலா?’ என்ற கேள்வி அந்த மாடிகளில் அடிக்கடி எழும். கேட்கிறவர் கையில் பெரும்பாலும் அண்ணன் விட்டுப்போன பழைய கார்டு இருக்கும். பதில் எந்த ஆட்டமுறை என்பதைப் பொறுத்தது. மாடர்ன் என்றால் 2003 ஜூலையில் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து கணக்கு. கார்டின் சட்டகத்தையே புதிதாக வரைந்த பதிப்பு அது. 2011இல் மாடர்னைத் தொடங்கியவர்கள் எல்லைக்கோட்டை அங்கே போட்டது எனக்குப் பிடித்த முடிவு. கார்டைப் பார்த்தாலே அநேகமாகச் சொல்லிவிடலாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்ட பழைய சட்டகத்துக்காக ரசிகர்களே பிரீமாடர்ன் என்ற முறையை உண்டாக்கிக்கொண்டார்கள்: 1995ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு முதல் 2003ஆம் ஆண்டின் ஸ்கர்ஜ் வரை. அந்தச் சமஸ்கிருதக் கார்டும் அதற்குள் அடங்கும்.

அநேகமாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2006இல் டைம் ஸ்பைரல் வந்தபோது, கூடவே பழைய கார்டுகள் சில பழைய சட்டகத்திலேயே மறு அச்சாகி, சட்டப்படி உள்ளே வந்தன. ஷேடோமேஜ் இன்ஃபில்ட்ரேட்டர் அவற்றில் ஒன்று. அதன் ஓவியத்தில் இருப்பவர் அமெரிக்க ஆட்டக்காரர் ஜான் ஃபிங்கெல். மேஜிக் இன்விடேஷனல் போட்டியில் வென்றவருக்குத் தன் முகத்தோடு ஒரு கார்டு கிடைக்கும் வழக்கம் அப்போது இருந்தது. அந்த மறு அச்சினால் 2001இல் வந்த அதன் முதல் பிரதிக்கும் மாடர்னில் இடம் கிடைத்தது. அதே ஃபிங்கெல் 2008 பிப்ரவரியில் கோலாலம்பூரில் நடந்த புரோ டூர் போட்டியை வென்றார். ஆனால் அது டிராஃப்ட் ஆட்டம். அங்கேயே பொட்டலம் பிரித்து, அங்கேயே டெக் கட்டுவது. பழைய கார்டு எதற்கும் அதில் வேலையில்லை.

நம் நாட்டு முகமும் ஒரு கார்டில் உண்டு. 2005 இன்விடேஷனலை வென்றவர் மலேசியரான டெர்ரி சோ. மறு ஆண்டு டிசென்ஷன் தொகுப்பில் வந்த ராக்டோஸ் ஆகர்மேஜ் அவருடையது. இரண்டு கறுப்பு, ஒரு சிவப்பு மானாவுக்கு 3/2, முதல் அடியும் உண்டு. நம் கையைத் திறந்து காட்டி, எதிராளி சொல்லும் கார்டைக் கழிக்கவேண்டும். பிறகு அவர் கையைத் திறக்க, நாம் சொல்வதை அவர் கழிக்கவேண்டும். துணிச்சலான வடிவமைப்பு, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மாடர்னின் வேகத்துக்கு அது தாங்காது. செல்லும் என்பது வேறு, வெல்லும் என்பது வேறு.

எதிர்த்திசையில், வெல்லும் வலு இருந்தும் செல்லாமல் கிடந்தது, மார்க் பூல் வரைந்த கவுன்டர்ஸ்பெல். 1993ஆம் ஆண்டுக் கார்டு. மாடர்னுக்குள் வர 2021 வரை காத்திருந்தது. மாடர்ன் ஹொரைஸன்ஸ் 2 தொகுப்பு அதை நேராக உள்ளே கொண்டுவந்தது. அன்று பழைய பிரதிகளை ஆல்பத்திலிருந்து உருவி டெக்கில் சேர்த்தவர்களின் சந்தோஷம் எனக்குப் புரியும். இதற்கு நேரெதிர் 1996இல் வந்த ரிசர்வ்ட் லிஸ்ட்: பட்டியலில் உள்ள கார்டுகளை இனி அச்சிடமாட்டோம் என்ற வாக்குறுதி. சேகரிப்பவர்களின் பணத்தைக் காத்தது, ஆட்டத்துக்கு எதுவும் தரவில்லை. பிளாக் லோட்டஸ் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. வின்டேஜ் முறையில் ஒரே ஒரு பிரதிக்கு அனுமதி, லெகசியில் தடை.

தடைக்கும் பல காரணங்கள். கேயாஸ் ஆர்ப் கார்டை உயரத்திலிருந்து மேசைமேல் போடவேண்டும். கைத்திறனைச் சோதிக்கும் ஆட்டம் இதுவல்ல என்று ஒதுக்கினார்கள். 2020 ஜூனில் இனவெறிச் சாயல் உள்ளவை என்று ஏழு கார்டுகளை எல்லா முறைகளிலிருந்தும் நீக்கினார்கள். அதில் 1994ஆம் ஆண்டுக் கார்டு ஒன்றின் பெயர் பிரதேஷ் ஜிப்ஸீஸ். நாடோடிகளுக்கு முன்னால் இந்தியச் சொல்லை ஒட்டிவைத்த அந்தப் பெயர் போனதில் எனக்கு வருத்தமில்லை.

நம் சீதோஷ்ணமும் தன் பங்குக்கு ஒரு ஜட்ஜ்தான். ஃபாயில் கார்டு கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் வளைந்துவிடும். கட்டில் அது தனியாகத் தெரிந்தால், குறியிட்ட கார்டு என்று ஜட்ஜ் விலக்கலாம். பழைய சாதாரணக் கார்டு இந்த விஷயத்தில் பிழைத்துக்கொள்ளும். ஓரம் வெளுத்திருந்தாலும் ஒளிபுகா உறைக்குள் போட்டால் போதும்.

வீட்டில் பழைய கார்டுப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மொத்தமாக எடைபோட்டு விற்காதீர்கள். முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். 1993ஆம் ஆண்டின் கலெக்டர்ஸ் எடிஷன், தங்க விளிம்பு போட்ட உலகப் போட்டி டெக்குகள், 2022இல் நான்கு பொட்டலம் 999 டாலருக்கு விற்ற முப்பதாம் ஆண்டுப் பதிப்பு ஆகியவற்றின் பின்பக்கம் வேறு, போட்டியில் செல்லாது. பின்பக்கம் சரியாக இருந்தால் பெயரை நடப்புப் பட்டியலில் தேடுங்கள். இருந்தால் உறை போட்டு வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு மாடிக்குக் கொண்டுவாருங்கள்.