எட்டு டிகிரிச் சாய்வு

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் மோடத்தின் பின்பக்கம் ஒருமுறை பாருங்கள். மெல்லிய ஒயர் ஒன்று பெரும்பாலும் பச்சை நிறச் சதுர பிளாஸ்டிக் முனையில் போய் முடிந்திருக்கும். எஸ்சி கனெக்டர். 1980களில் ஜப்பானின் என்டிடி தொலைபேசி நிறுவனம் வடிவமைத்தது. இவ்வளவு சாதாரணமாகத் தெரிகிற ஒரு பொருளுக்குள் இவ்வளவு யோசனை அடங்கியிருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கண்ணாடி இழையின் மொத்தப் பருமன் 125 மைக்ரான். ஒளி ஓடுவதோ அதன் நட்டநடுவில் உள்ள சுமார் 9 மைக்ரான் பாதையில். இரண்டு இழைகளை எதிரெதிரே வைக்கும்போது மையம் 1 மைக்ரான் விலகினாலே ஏறக்குறைய 5 சதவீத ஒளி போய்விடும். 2 மைக்ரான் விலகினால் 17 சதவீதம். ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து உருக்கி ஒட்டிவிடலாம்தான். ஆனால் ஒட்டியதைக் கழற்ற முடியாது. வெறும் கையால் கழற்றி மாட்டினாலும் ஒவ்வொரு முறையும் அதே மைக்ரானில் வந்து உட்கார வேண்டும்.

அதற்குப் பொறியாளர்கள் கண்ட வழியைத்தான் நான் வியக்கிறேன். கறார் முழுவதையும் ஒரே ஒரு சின்ன உருளையில் வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் தளர விட்டார்கள். அந்த உருளையின் பெயர் ஃபெரூல்: 2.5 மில்லிமீட்டர் விட்டம், வெள்ளைச் சிர்கோனியா பீங்கான், நடுவே இழை நுழையும் அளவுக்கே துளை. இரண்டு கனெக்டர்களுமே ஆண் வகைதான். செருகி, துளை என்ற பேதம் இல்லை. நடுவில் இருக்கும் அடாப்டருக்குள் ஒரு குழல், அதன் நீளவாக்கில் ஒரு பிளவு. குழலின் உள்விட்டம் ஃபெரூலைவிடத் துளி குறைவு. ஃபெரூல் உள்ளே போகும்போது பிளவு சற்றே விரிந்து கொடுக்கிறது. விரிந்த குழல் சுருங்கப் பார்த்து, இரு பக்க ஃபெரூல்களையும் ஒரே நேர்கோட்டில் இறுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிளவு இல்லையென்றால் குழலையும் உருளையையும் அச்சுப் பிசகாமல் ஒன்றுக்கொன்று கடைந்தெடுக்க வேண்டியிருக்கும்.

பிளாஸ்டிக் உறைக்குள் ஃபெரூல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் அதைச் சுமார் 1 கிலோ எடைக்குச் சமமான விசையில் தள்ளுகிறது. ஏடி அண்ட் டி கொண்டுவந்த முந்தைய எஸ்டி கனெக்டரில் ஒயரை இழுத்தால் ஃபெரூலும் பின்வாங்கும், ஒளி தடுமாறும். எஸ்சியில் இழுப்பை உறையே வாங்கிக்கொள்கிறது. உள்ளே முனைகள் அசைவதில்லை.

அடுத்தது, முனையைத் தீட்டும் கலை. கண்ணாடிக்கும் காற்றுக்கும் நடுவிலுள்ள ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். எனவே முனையை லேசான குமிழ் வடிவில் தீட்டுகிறார்கள். ஸ்பிரிங் அழுத்தும்போது கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டி, இடையில் காற்றே இல்லாமல் போகிறது. நீல நிற கனெக்டர் இந்த வகை. பச்சை இன்னொரு படி மேலே போகிறது: முனையையே 8 டிகிரி சாய்த்துவிடுகிறது. மிச்சமிருக்கும் பிரதிபலிப்பு 16 டிகிரி கோணத்தில் திரும்புகிறது. அந்தக் கோணத்தில் வரும் ஒளியை மையப் பாதையால் பிடித்துவைக்க முடியாது, வெளியே கசிந்துவிடுகிறது. வந்த வழியே திரும்புவது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. பிரதிபலிப்பைத் தடுத்து நிறுத்தவில்லை, போக்குக் காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள்! இரண்டு சாய்வுகளும் சரியாக எதிரெதிர் பொருந்துவதற்கு உறையின் மேல் ஒரு சிறு மேடு இருக்கிறது; தப்பாகத் திருப்பினால் உள்ளே போகாது.

பிறகு 1990களில் லூசென்ட் கொண்டுவந்த எல்சி, ஃபெரூலைப் பாதியாக, 1.25 மில்லிமீட்டராகக் குறைத்தது. டேட்டா சென்டர்களில் இன்று அதன் ராஜ்யம்தான். யோசனை என்னவோ பழையதே. எனக்கு எஸ்சியே உசத்தி.

பச்சையும் நீலமும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், ஆனால் சாய்ந்த முனையும் சாயாத முனையும் சேரும் இடத்தில் காற்று புகுந்து ஒளி வீணாகும். நிறம் பார்த்து மாட்டுங்கள். கழற்றினால் வெள்ளை முனையை விரலால் தொட வேண்டாம், 9 மைக்ரான் பாதையை மறைக்க ஒரு தூசி போதும். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, அதனால் முனையை உற்றுப் பார்க்கவும் வேண்டாம். கழற்றிய முனைக்குப் போடும் தூசி மூடி தொலைந்திருந்தால் இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள்.