ஊரார் கண்ணும் ஈசன் கண்ணும்: சேக்கிழாரிடம் ஒரு கேள்வி

பெரியபுராணத்தில் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஓர் இடம் உண்டு. திருநாளைப்போவார் புராணத்தில் வரும் தீ.

நந்தனார் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் பலருக்குத் தெரிந்தது 1942-இல் தண்டபாணி தேசிகர் நடித்த படத்து நந்தனார். அதாவது 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார். கொடுமைக்கார வேதியரும், ஒரே இரவில் அறுவடையான நாற்பது வேலி வயலும் பாரதியார் சேர்த்தவை. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியதில் அந்த வேதியரே கிடையாது. கொள்ளிடக்கரை ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தவர். அவ்வளவே.

இந்த அடியார் இரண்டு கோயில்களுக்குப் போகிறார். முதலாவது திருப்புன்கூர். வாசலில் நின்று பார்க்கிறார்; நந்தி மறைக்கிறது. இறைவன் நந்தியை விலகச் சொல்கிறான். வெளியே நின்றவரை உள்ளிருந்த கண் பார்த்துவிட்டது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இரண்டாவது தில்லை. ஊர் எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறார், உள்ளே போகத் துணிவில்லை. கனவில் வந்த இறைவன், தீயில் மூழ்கி வேதியரோடு வருவாய் என்கிறான். வேதியர்கள் கனவிலும் போய்த் தீ மூட்டச் சொல்கிறான். நந்தனார் தீயில் புகுந்து, பூணூலும் சடையுமாக முனிவர் கோலத்தில் எழுகிறார். பிறகுதான் அவர்கள் கைகூப்புகிறார்கள்.

நந்தியை நகர்த்தியவனுக்குத் தில்லையில் தீ எதற்கு? அவன் கண்ணுக்கு நந்தனாரிடம் என்ன குறை? ஒன்றுமில்லை என்று திருப்புன்கூரிலேயே தெரிந்துவிட்டதே! ஆகவே தீ ஈசன் கண்ணுக்காக மூட்டப்பட்டதன்று, மூவாயிரவர் கண்ணுக்காக மூட்டப்பட்டது என்றே நான் படிக்கிறேன். சேக்கிழாருக்கு முன் சுந்தரர் இவரை ஒரே வரியில் வணங்கிப் போய்விட்டார். நம்பியாண்டார் நம்பியின் பாட்டில் முனிவரானது உண்டு, மூவாயிரவர் கைகூப்பியதும் உண்டு, தீ இல்லை.

இதே சேக்கிழார் கண்ணப்பர் கதையில் எப்படிச் செய்கிறார் பாருங்கள். காளத்தி மலையில் வாயில் நீரும், தலையில் பூவும், கையில் சுவைத்துப் பார்த்த இறைச்சியும் கொண்டுவந்து பூசை செய்கிறார் வேடர். சிவகோசரியார் பார்க்கிறார், யாரோ செய்த அநாசாரம் என்று துடித்துப்போகிறார். அங்கே இறைவன் வேடரைக் குளித்து வரச் சொன்னானா? ‘நீ மறைந்திருந்து பார்’ என்று முனிவரைச் சொன்னான். ஆறாம் நாள் கண்ணைத் தோண்டி அப்பிய காட்சியை முனிவர் கண்ணாரக் கண்டார். திருத்தப்பட்டது பார்த்தவரின் கண். தில்லையிலோ திருத்தப்பட்டது பார்க்கப்பட்டவரின் உடம்பு. ஒரே நூலில், ஒரே புலவர் கையில், இந்த இரண்டும் இருக்கின்றன.

இதற்குச் சைவப் பெரியவர்கள் ஒரு சமாதானம் சொல்வதுண்டு. ‘இந்தப் பிறவி தடையாயிற்றே’ என்று நந்தனாரே நொந்துகொண்டார், அந்த நோவைத்தான் தீ எரித்தது என்பார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அந்த நோவு அவருக்கு எங்கிருந்து வந்தது? திண்ணனாருக்கு அப்படியொரு கவலை எட்டிக்கூடப் பார்க்கவில்லையே. காட்டில் அவரை ‘தள்ளி நில்’ என்று சொல்ல ஆள் இல்லை. ஊரார் கண் நந்தனாருக்குள்ளேயே குடிவந்துவிட்டது. சேக்கிழார் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே இந்தப் புராணத்தை நான் ஒதுக்க மாட்டேன். இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ நாடகத்தில் தீயை வெறும் சதியாக்கினார். கோபம் நியாயந்தான், ஆனால் அங்கே ஈசன் கண்ணுக்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறது.

திக்லிபூரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது வேறொன்றும் தோன்றுகிறது. 1858-இல் கைதிகள் குடியிருப்பாகத் தொடங்கிய தீவுகள் இவை. கைதிகளாக வந்தவர்கள் சாதி பாராமல் கலந்து மணந்து ‘லோக்கல் பார்ன்’ என்றொரு மக்களாகவே ஆனார்கள். கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்த குடும்பங்களும், ராஞ்சிக்காரர்களும், தெலுங்கர்களும் வாழும் ஊர் நம்முடையது. இவர்கள் கண்ணுக்கு நாம் அத்தனை பேரும் ‘மதராசி’. அந்தச் சொல் நமக்கு வலிக்கிறது, ‘எங்களை என்னன்னு நினைச்சாங்க?’ என்று கேட்கிறோம். ஆனால் கப்பலில் இறங்கிய புதுத் தமிழரிடம் நாம் முதலில் கேட்பதென்ன? ‘எந்த ஊரு?’ அடுத்து, ‘ஊர்ல எந்தத் தெரு?’ அந்த இரண்டாவது கேள்விக்கு என்ன அர்த்தம் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஒருமுறை ஓர் இளைஞர் அதற்குப் பதிலே சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார். பிறகு பல மாதம் நம் கூட்டங்களின் பக்கமே அவர் வரவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டியும் தில்லை எல்லையைக் கூடவே கொண்டுவந்திருக்கிறோம்.

விடுமுறைக்குத் தாயகம் போகிறவர்கள் பலரும் வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போகிறோம். அங்கிருந்து திருப்புன்கூர் மிகப் பக்கம், ஆட்டோவிலேயே போய்விடலாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மற்ற சிவன் கோயில்களில் சந்நிதிக்கு நேர் எதிரே இருக்கும் நந்தி, அங்கே இன்றும் ஒரு பக்கமாக விலகியே படுத்திருக்கிறது.