பெயரில் மட்டும் வேந்தராக இருக்கட்டும்!

முடியரசு மாண்டது; முடி மட்டும் மாளவில்லை! கல்வி மன்றங்களின் தலைமைக்கு நாம் இட்டிருக்கும் பெயரைப் பாருங்கள் - வேந்தர், துணைவேந்தர்! பெயரோடு நின்றால் பிழையில்லை. பெயருக்கேற்பப் பீடமும், பீடத்தின் முன் பணிந்து நிற்கும் ஆசிரியர் கூட்டமும் வந்து சேர்ந்தால், அங்கே வளர்வது அறிவா, அச்சமா?

சேர்வராயன் மலையில், கரடியூரில், காப்பித் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் நமக்கு இந்தக் கவலை ஏன் என்பீர். காரணம் உண்டு. "மூடுபனி ஏன் வருகிறது, ஐயா?" என்று கேட்கிறான் பிள்ளை. விடை சொல்ல வேண்டிய ஆசிரியனை உருவாக்கியது கல்லூரி. கல்லூரிப் பேராசிரியரை உருவாக்கியது பல்கலைக்கழகம். அங்கே 'ஏன்' என்ற சொல் குற்றமானால், மலையூர் வகுப்பறையில் அது 'வாயை மூடு' என்றே வந்து விழும்!

நாம் பயின்ற கல்லூரியில் ஓர் ஆசிரியர் இருந்தார், ஆழக் கற்றவர். மேலிடத்தாரின் கொள்கையை மறுத்து அரியதொரு கட்டுரை எழுதினார். எழுதியவர் அச்சுக்கு அனுப்பவில்லை. மேசைக்குள் வைத்துப் பூட்டினார். "பதவி உயர்வுக் காலம், தம்பி" என்றார். பூட்டப்பட்டது கட்டுரை மட்டுமா?

வரலாற்றைப் புரட்டுவோம். டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1944இல் வள்ளல் அழகப்பரின் கொடையால் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி அவர் காலத்தது. 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவுக்கும் அவரே தலைவர். ஆற்றலை மறுப்பார் யார்? ஆயினும் கேட்கிறோம்: ஒரே கை 27 ஆண்டுகள் சுக்கான் பிடித்த கப்பலில், மற்றவர் மாலுமித் தொழில் பழகுவது எப்போது? வல்லவரின் நீண்ட ஆட்சியும் ஒரு தீங்கு செய்யக்கூடும். 'அவர் பார்த்துக்கொள்வார்' என்ற சோம்பலை ஆசிரியர் நெஞ்சில் விதைத்துவிடும்.

வேறு வழியும் உண்டு. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை வளர்த்தார். துறையோடு ஆட்களையும் வளர்த்தார். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக அவர் சென்றபோது துறை சாயவில்லை. ச. அகத்தியலிங்கம் அதை ஏற்று நடத்தினார். பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் ஆனார். மதுரையில் 1971இல் பொறுப்பேற்ற மு. வரதராசனாரோ, வட்ட அலுவலகத்தில் எழுத்தராகத் தொடங்கி, தமிழாசிரியராகி உயர்ந்தவர். தலைவர் தலைவரை ஈன்றால் அதுவே தலைமை!

ஒற்றை மரத்தின் நிழலில் செடி வளராது என்றோம்; மரமே இல்லாப் பொட்டலிலும் வளராது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. நியமன உரிமையை அரசுக்கு மாற்றும் சட்ட முன்வடிவுகள் ஆளுநரிடம் தேங்கின. 2025 ஏப்ரலில் அத்தேக்கம் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்த நாளிலும் அந்த நாற்காலி வெறுமையாகவே இருந்தது. மக்கள் தேர்ந்த அரசுக்கு உரிமை வேண்டும், ஐயமில்லை. ஆனால் தோழர்களே, நியமிக்கும் கை மாறினால் போதுமா? அமர்பவரின் போக்கு மாற வேண்டாமா? நம்மவர் என்பதற்காக மகுடத்தை மன்னிப்பது பகுத்தறிவாகுமா?

துணைவேந்தரை அளக்க நாம் தரும் அளவுகோல் எளியது. கட்டடங்களை எண்ணாதீர், பட்டங்களை எண்ணாதீர். அவர் கருத்தை மறுத்த விரிவுரையாளர் எத்தனை பேர், மறுத்த பின்னும் உயர்ந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்!

மலையிறங்கினால் கருப்பூரில், 1997இல் பெரியார் பெயரால் எழுந்த பல்கலைக்கழகம். 'ஏன்' என்று கேட்கச் சொன்னவரின் பெயர் வாயிலில் இருக்கிறது. வாயிலில் இருந்தால் போதாது. ஆட்சிக்குழுவின் அறையிலும் அந்தச் சொல் ஒலிக்க வேண்டும். அன்றுதான் கரடியூர்ப் பிள்ளையின் கேள்விக்கும் விடை கிடைக்கும், மூடுபனியும் விலகும்!